தூரோடு பிடுங்கினோம்

வேனில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளைகள் ஒருநாள் ஒரு கேள்வி கேட்டார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்றைக்கு என் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலே சுருக்கென்றது.

"அங்கிள், கையில என்ன காயம்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"கருவை முள்ளு. வயல்ல கருவை புடுங்குனேன்" என்றேன்.

"மரம் நடணும்னுதான ஸ்கூல்ல சொல்றாங்க? நீங்க ஏன் புடுங்குறீங்க? மரம் பாவம்ல?" என்று இன்னொரு பிள்ளை கேட்டது.

அதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது. கேட்ட பிள்ளையும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஆனால் கேள்வி வண்டியிலேயே இருந்தது. அதற்கான பதிலைத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் உங்கள் தமிழ் டீச்சரிடம் காட்டாதீர்கள்.

நான் சொல்லும் மரத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். காரைக்குடியை விட்டு வேன் வெளியே வந்ததும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும், கண்மாய்க்குள்ளேயும், தண்டவாளத்து ஓரத்திலும் பச்சையாக நிற்கிறதே, அதுதான். புத்தகத்தில் சீமைக்கருவேலம் என்று போட்டிருக்கும். நாங்கள் கருவை என்போம். அது நம் ஊர் மரம் இல்லை. கடல் தாண்டி எங்கோ இருந்த மரத்தை, விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று மனிதர்கள்தான் கொண்டுவந்து விதைத்தார்கள். விறகுக்கு ஆனதும் உண்மை. எங்கள் வீட்டில் கேஸ் வருவதற்கு முன்னால் அதை எரித்துத்தான் சோறு பொங்கினோம். நன்றி கெட்டவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். ஆனால் வேலிக்கு என்று வந்தது வயலுக்குள் வந்துவிட்டது. வயலுக்குள் வந்தபிறகு போகமாட்டேன் என்றது.

சாக்கோட்டை தாண்டி உள்ளே, எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே என் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் சேர்த்து ஒரு வயல் இருக்கிறது. அவர்கள் அப்பா விட்டுப்போனது. இரண்டு பேர் பெயரிலும் ஒரே பட்டா. அவர் போனபிறகு யாரும் உழவில்லை. ஒரு மழைக்கு இரண்டு கருவை முளைத்தது, அடுத்த மழைக்கு வயல் தெரியவில்லை. அப்புறம் எங்கள் வரப்பு எது, பக்கத்து வரப்பு எது என்று எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு என் மச்சான் வீட்டுக்கு வந்தார். என் மனைவியின் அண்ணன்தான். காரைக்குடியில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கொஞ்சம் நக்கல் பிடித்தவர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்ள, பக்கத்து வயக்காரரு பிளாட்டு போடக் குடுத்துட்டாரு. நம்மளதும் சேந்தாத்தான் ரோட்டுக்கு வழி வருமாம். ஆளு கேட்டுக்கிட்டே இருக்காரு. என்ன சொல்லுறீக?"

"உங்க தங்கச்சியக் கேளுங்க மச்சான். நெலம் உங்க ரெண்டு பேருக்கும்தான."

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "நான் தரமாட்டேண்ணே."

"தராம என்ன பண்ணப் போற? கருவைக்குக் காவல் இருக்கப் போறியா? அது வயலா? காடு. காட்டுப்பன்னி குட்டி போட்டுக் குடும்பம் நடத்துது அங்குட்டு."

"பன்னிய வெரட்டிட்டு நெல்லு போடுவேன்."

மச்சான் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நெல்லா! மாப்ளைக்கு மூணாவது கியர் எங்க இருக்குன்னு தெரியும், மடை எங்க இருக்குன்னு தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது பொய் இல்லை என்பதால் இன்னும் சுருக்கென்றது. என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அடுத்த தைக்குள்ள ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டுறோம். எடுத்துட்டா?"

"எடுத்துட்டா இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். எடுக்கலேன்னா?"

"கையெழுத்துப் போடுறேன்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள், யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் அந்தக் காட்டை வயலாக்கி நெல் அறுக்க வேண்டும், இல்லை என்றால் நிலம் போய்விடும்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குக் காலையில் வேலை, மாலையில் வேலை, நடுப்பகல் சும்மா. அந்த நடுப்பகலில்தான் நான் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினேன். கருவையை ஒழிக்க அரசாங்கமே சொல்கிறது, கோர்ட்டே சொல்கிறது என்று பேப்பரில் பார்த்திருந்தேன். ஆக, உதவி இருக்கும் என்று நம்பினேன். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலும் கருவையால் அடைந்து கிடந்தது. அது பொது இடம். நானாகக் கைவைக்க முடியாது.

முதல் அலுவலகத்தில் வாய்க்கால் தங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் வாய்க்கால் எங்களுடையதுதான், ஆனால் அதில் நிற்கும் மரத்தை ஏலம் விடுவது வேறு துறை என்றார்கள். அந்த வேறு துறையில் இருந்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். "மரத்துக்கு ஏலம் போடலாம்ணே. ஆனா தூரத் தோண்டுறது எங்க வேலை இல்ல. மண்ணுல கைவச்சா அந்த ஆபீசுலதான் கேக்கணும்" என்று நான் முதலில் போன அலுவலகத்தையே கை காட்டினார். மரம் ஒரு துறைக்கு, மண் ஒரு துறைக்கு, தண்ணீர் ஒரு துறைக்கு. முள் மட்டும் எங்களுக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "சரி, மூணு ஆபீசும் தெரிஞ்சுக்கிட்டீகல்ல. வாய்க்காலைப் பெறகு பாப்போம். நம்ம வயல்ல நிக்கிறதுக்கு யாரக் கேக்கணும்?" என்றாள் என் மனைவி.

அதற்குத்தான் வேளாண் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா இருந்தார், என் தங்கை வயது இருக்கும். நான் போய் நின்றதும் எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். இந்தக் கருவை காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட உறிஞ்சிவிடுமாமே, அதன் நிழலில் மாடு கட்டினால் சினை பிடிக்காதாமே என்றெல்லாம். வாட்ஸ்அப்பில் வந்ததுதான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுறாகம்மா."

"அதுக்கெல்லாம் ஆதாரம் இல்லண்ணே. மத்த செடியை வளர விடாது, வேரு ஆழமாப் போயி நிலத்தடித் தண்ணியக் குடிக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். அது செஞ்ச குத்தத்துக்கே தண்டனை குடுத்தாப் போதும். செய்யாததையும் சேத்து எழுதாதீங்க."

பிள்ளைகளே, நான் உங்களிடமும் அந்தக் காற்று ஈரக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அதை அழித்துவிடுங்கள்.

அந்த அம்மா சொன்ன முக்கியமான சங்கதி வேறு. மரத்தை வெட்டினால் அது சாகாது. தரைக்குக் கொஞ்சம் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில் அதன் உயிர் இருக்கிறது. அந்தத் தூர் மண்ணில் இருக்கும்வரை ஒரு மரத்தை வெட்டினால் ஐந்தாறு கிளையாகத் திரும்ப வரும். தூரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைச் சும்மா போடக்கூடாது, ஏதாவது பயிர் விதைத்துவிட வேண்டும். சும்மா கிடக்கும் மண்ணுக்குத்தான் கருவை முதலில் வரும்.

கரி போடுகிற ஆட்களைக் கூப்பிட்டோம். கருவையை வெட்டி, அடுக்கி, மண் போட்டு மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது அவர்கள் பிழைப்பு. மரத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், எங்களுக்கு இடம் வெளியாகட்டும் என்று பேச்சு. வேலையில் கெட்டி. காடு கண்முன்னால் குறைந்தது. வரப்பு தெரிந்தது. ஆனால் தூரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"தூரையும் தோண்டிருங்கண்ணே" என்றேன்.

அவர்களில் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தூரத் தோண்டிட்டா அடுத்த தடவை நாங்க எங்க போயி வெட்டுறது? உங்களுக்கு வயலுன்னா எங்களுக்கு இதுதான வயலு."

மேற்கொண்டு கேட்காமல் அவர்களை அனுப்பிவைத்தேன். மரம் பாவமா என்று கேட்டீர்களே, அந்த மனிதரைப் பற்றியும் கேட்டிருந்தால் நான் இன்னும் திணறியிருப்பேன்.

பெரிய தூர்களுக்குப் பொக்லைன் வைத்தோம். என் மனைவியின் வளையல் இரண்டு அதற்குப் போனது, அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பொக்லைன் போகமுடியாத வரப்போரமும் மடைப் பக்கமும் மிச்சம் இருந்தது. அதற்குத்தான் காரைக்குடியிலிருந்து ஓர் இளைஞர் அமைப்பைக் கூப்பிட்டேன். கருவை ஒழிப்பு என்றே வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வந்தார்கள். கையுறை, தொப்பி, இரண்டு பேர் பிடிக்கிற பேனர். முதலில் பேனரைக் கட்ட இடம் தேடினார்கள். கட்டுவதற்கு மரம் இல்லை, வெட்டியாகிவிட்டதே! கடைசியில் என் வேன் கண்ணாடியில் கட்டினார்கள். அப்புறம் போட்டோ.

"அண்ணே, இங்குட்டு வெயிலு கண்ணக் கூசுது. அங்குட்டுத் திரும்பி இந்தக் கிளையப் புடிங்க. இழுக்கிற மாதிரி. சிரிக்காதீக, கஷ்டப்படுற மாதிரி முகத்த வைங்க" என்றான் முன்னால் நின்ற தம்பி.

"கஷ்டப்பட்டுக்கிட்டுத்தான்ப்பா இருக்கேன்."

என் மனைவி இட்லிப் பாத்திரத்தோடு வந்தவள் இதைப் பார்த்தபடி நின்றாள். "தம்பி, போட்டோவுல புடுங்குன மரத்த மண்ணுல இருந்தும் புடுங்கிட்டுப் போங்கப்பா" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வெயில் ஏறும்வரை வேலையும் பார்த்தார்கள். அவர்களில் பாலிடெக்னிக் படித்த ஒரு தம்பி, கீழே பல் வைத்த வாயும் மேலே நீளக் கம்பியும் உள்ள இரும்புச் சாமான் ஒன்று கொண்டுவந்திருந்தான். அவனே பட்டறையில் வைத்துச் செய்ததாம். செடியின் அடித்தண்டை அந்த வாயில் கவ்வவைத்து, கம்பியைப் பின்னால் சாய்த்தால், தூர் வேரோடு மேலே எழும்பி வரும். என் மகள் எட்டாம் வகுப்பு. அவளே ஒரு தூரை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்குக் குதித்தாள். போகும்போது அதை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள். பேனரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

சித்திரை பிறந்தபோது வயல் சுத்தமாகிவிட்டது. வெறும் மண். நான் வரப்பில் நின்று பார்த்தேன். மச்சானும் வந்து பார்த்தார். அவரே கொஞ்சம் அசந்துதான் போனார்.

"பரவால்ல மாப்ள. ஆனா மண்ணு செத்துக் கெடக்கு. ஒரு கிடை போடுங்க. கிடை போட்டாத்தான் இது பேசும்."

கிடை தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆடு மேய்ப்பவர்கள் கோடையில் மந்தையைக் கொண்டுவந்து நம் வயலில் ராத்திரிக்கு அடைப்பார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். இந்தப் பக்கம் இதுதான் வழக்கம், யாருக்கும் இதில் இரண்டாவது யோசனையே கிடையாது. மச்சான் சொன்னார், பக்கத்து ஊர்க்காரர்கள் சொன்னார்கள், என் மனைவியும் சரி என்றாள். காளையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு மந்தை வந்தது. பகலில் ஆடுகள் கண்மாய்க்குள் மேயும், பொழுது சாய எங்கள் வயலில் அடையும். வைகாசி முழுக்க வயலில் ஆட்டு வாடை. எனக்கு அது சந்தன வாடை மாதிரி இருந்தது.

பகலில் ஆடுகள் கண்மாய்க்குள் என்ன தின்றன என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆனியில் ஒரு நல்ல மழை. மறுவாரம் நானும் என் மனைவியும் பைக்கில் போனோம். தூரத்திலிருந்தே வயல் பச்சையாகத் தெரிந்தது. "பாத்தீகளா, கிடை போட்டதுக்கு மண்ணு பேசிருச்சு, புல்லு முளைச்சிருக்கு" என்றாள். இறங்கிக் கிட்டே போனோம். அவள் குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். சின்னச் சின்ன இலை, புளியங்கன்று மாதிரி. அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

கருவை. வயல் முழுக்கக் கருவைக் கன்று. ஆடு நெருக்கிப் படுத்த இடத்தில் எல்லாம் நாற்றங்கால் மாதிரி அடர்த்தியாக, பூராவும் கருவை.

கோடையில் கருவை நெற்று, அதன் காய்தான், பழுத்து மஞ்சளாக உதிரும். அது இனிக்கும், ஆட்டுக்கு உயிர். பகலெல்லாம் கண்மாய்க்குள் நெற்றைத் தின்றுவிட்டு, ராத்திரி எங்கள் வயலில் வந்து விதைத்திருக்கிறது மந்தை. நாங்கள் மரத்தைப் பிடுங்கிவிட்டு, ஆள் வைத்து, கூலி கொடுத்து, உரத்தோடு சேர்த்து விதை போட்டிருக்கிறோம்.

வேளாண் அலுவலகத்து அம்மாவிடம் ஒரு கன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"கிடை போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஏண்ணே கேக்கல?"

"கிடை போடுறதுக்கு யாராவது ஆபீசுல கேப்பாகளாம்மா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால் அந்த விதையின் கெட்டித் தோல் இளகி இன்னும் சுலபமாக முளைக்குமாம். நெற்று விழும் காலத்தில் கிடை போடக்கூடாது, போடுவதாக இருந்தால் மந்தைக்குச் சில நாள் வேறு தீனி கொடுத்து வயிறு சுத்தமான பிறகு போட வேண்டும் என்றார். "இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. விரல் நீளம் இருக்கும்போதே, மண்ணு ஈரமா இருக்கும்போதே கையால புடுங்கிருங்க. ஆணிவேர் இறங்கிட்டா மறுபடி பொக்லைன்தான்" என்று முடித்தார்.

மறுபடி பொக்லைனுக்கு எங்களிடம் வழி இல்லை. ஆக, கைதான்.

இந்தச் சமயம் பார்த்து மச்சான் வயலுக்கு வந்தார். கூடவே பிளாட் போடுகிறவர், வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். நானும் என் மனைவியும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தோம். மச்சான் வரப்பில் நின்று கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நாத்து ஜோரா வந்திருக்கு! ஒட்டுக் கருவையா, நாட்டுக் கருவையா? என்ன ரகம்?"

கூலிங் கிளாஸ்காரர் சிரித்தார். "கிடை போடச் சொன்னது யாரு மச்சான்?" என்று கேட்டேன்.

"நான் ஆட்டக் கிடை போடச் சொன்னேன். நெத்தைப் போடச் சொன்னேனா?"

"அண்ணாச்சி, எதுக்கு இந்த வேதனை?" என்றார் கூலிங் கிளாஸ்காரர் என்னிடம். "இது ஒழியாது. மாவட்டம் பூரா ஒழியல, உங்க வயல்ல ஒழிஞ்சிருமா? பேசாம ஒரு கையெழுத்து. நாங்க கிராவல் அடிச்சு மூடிட்டா ஒரு கருவை தலை தூக்காது."

என் மனைவி நிமிர்ந்தாள். கையில் ஒரு கொத்துக் கன்று. அதை வரப்பில், அவர் காலடிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"மாவட்டத்துக்கு நான் பொறுப்பு இல்லய்யா. இந்த வயலுக்குப் பொறுப்பு. அண்ணே, தைக்குள்ளன்னு சொன்னேன். இது ஆனி. வந்ததுதான் வந்தே, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கு. இல்லேன்னா வெயிலு மறைக்காம தள்ளி நில்லு."

மச்சான் இறங்கவில்லை. தள்ளித்தான் நின்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அவள் மறுபடி குனிந்துகொண்டாள். நான் மாலை டிரிப்புக்குக் கிளம்பும்வரை பிடுங்குவதை நிறுத்தவில்லை.

களையெடுக்கும் பெண்களைக் கேட்டோம். "நெல்லுல களை எடுப்போம் தம்பி. கருவைக்குக் கைய விட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். கன்றில் முள் இளசாகத்தான் இருக்கும். ஆனால் பழைய முள் மண்ணுக்குள் கிடக்கிறதே, அது செத்தாலும் விஷம். ஒன்று ஏறினால் கை வீங்கி, சீழ் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இளைஞர் அமைப்புத் தம்பிக்குப் போன் செய்தேன். "இந்த வாரம் வேற ஊர்ல மரம் நடுறோம்ணே" என்றான்.

ஆக நாங்கள் நால்வர்தான். நான் காலை டிரிப் முடித்து வேனை அப்படியே வயலுக்கு ஓட்டுவேன், மாலை டிரிப்புக்குத் திரும்புவேன். என் மனைவி பகல் முழுக்க அங்கேயே. லீவு நாளில் பிள்ளைகளும். சின்னவன் நான்காம் வகுப்பு. பிடுங்கியதை எல்லாம் ஒரே இடத்தில் குவித்து, வேர் மேலே பார்க்கக் காயவைப்பது அவன் இலாகா. அந்த நாட்களில்தான் நீங்கள் என் கையைப் பார்த்துக் கேட்டது. அந்த வாரத்தில்தான் ஒரு முள் வேன் டயருக்குள்ளும் ஏறி, நீங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போய், உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டியது. திட்டியது சரிதான்.

பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடி முளைத்தது. மறுபடி பிடுங்கினோம். எனக்கு ஒரு கட்டத்தில் மனசு விட்டுப்போனது. "அந்த ஆளு சொன்னது சரிதானோ? இது ஒழியாதோ?" என்று கேட்டுவிட்டேன். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டுல தெனமும் பாத்திரம் வெளக்குறேன். மறுநாளும் அழுக்காகுது. அதுக்காக வீட்ட வித்துறலாமா?" என்றாள்.

ஆகஸ்ட் மாதக் கிராம சபையில் அவள் எழுந்து நின்றாள். எங்கள் ஊரில் பெண்கள் போவார்கள், ஓரமாக உட்கார்வார்கள், கையெழுத்துப் போடுவார்கள், வந்துவிடுவார்கள். அவள் வாய்க்காலைப் பற்றிக் கேட்டாள். அது வேறு துறை என்று மேடையிலிருந்து பதில் வந்தது.

"மூணு துறையும் ஏறி எறங்கியாச்சு. எந்தத் துறைன்னு நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மழை வந்துரும். மழைக்கு எந்தத் துறைன்னு தெரியாது, அது பாட்டுக்கு வரும். நூறு நாள் வேலைக்கு நாங்க இம்புட்டுப் பேரு இருக்கோம். கருவையே இல்லாத ரோட்டோரத்துல புல்லு செதுக்கச் சொல்லுறீக. அந்த வேலைய வாய்க்கால்ல குடுங்க."

ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கும் அந்த வாய்க்காலுக்குக் கீழே துண்டு துண்டாக நிலம் இருக்கிறதே! அந்தச் சத்தத்தில் தீர்மானம் போடாமல் யாரும் எழுந்து போகமுடியவில்லை. எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. வாய்க்காலுக்குப் பொறுப்பான துறையில் அனுமதி வாங்க நான் மறுபடி நடந்தேன், வேளாண் அலுவலகத்து அம்மா ஒரு போன் போட்டுச் சொன்னார். வேலை நடந்தது. கருவைக்குக் கை விடமாட்டோம் என்றவர்கள், கூலியும் கடப்பாரையும் கிடைத்ததும் எங்களைவிட வேகமாகத் தூர் எடுத்தார்கள். பாலிடெக்னிக் தம்பியின் இரும்புச் சாமானைப் பார்த்து ஊர்ப் பட்டறையில் இன்னும் சில செய்துகொடுத்தார்கள்.

புரட்டாசியில் உழுது, காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்தோம். ஐப்பசி மழைக்குக் கண்மாயில் தண்ணீர் ஏறி, வாய்க்கால் வழியாக எங்கள் மடைக்கு வந்த அன்று நான் மாலை டிரிப் ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் போனில் சொன்னாள். நான் ஹாரனை அழுத்தினேன். ஏன் அங்கிள் சும்மா அடிக்கிறீங்க என்று நீங்கள் கேட்டீர்கள்.

நெல்லுக்குள்ளேயும் கருவை முளைத்தது. களையோடு களையாக எடுத்தோம். விளைச்சல் அமோகம் என்று சொல்ல மாட்டேன். கிடையில் முளைத்ததைப் பிடுங்கிப் பிடுங்கி மிதித்த இடத்தில் பயிர் சவலைதான். வரப்போரம் காட்டுப்பன்னி கொஞ்சம் கெடுத்தது. ஆனால் தை பிறந்து அறுத்தோம். மூட்டைகளை என் வேனிலேயே ஏற்றினேன், நீங்கள் உட்காரும் சீட்டைக் கழற்றிவிட்டு. மறுநாள் உங்களில் ஒருத்தி தலையில் நெல் ஒட்டியிருந்தது என்று அவள் அம்மா சொன்னார்.

மச்சான் வந்தார். கூலிங் கிளாஸ்காரர் வரவில்லை. முற்றத்தில் அடுக்கிய மூட்டையைச் சுற்றி வந்து ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்" என்றாள் என் மனைவி. "ஒரு வெள்ளாமைன்னுதான பேச்சு. எத்தனை மூட்டைன்னு பேசலையே."

அவர் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். "பேச்சு பேச்சுதான். இனிமே கேக்க மாட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா மாப்ள, பக்கத்து இடத்துல கல்லு ஊண்டிட்டாக. வழி இல்லாததுனால பிளாட்டு விக்கல, சும்மாதான் கெடக்கு. கருவை வர ஆரம்பிச்சிருச்சு, பாத்தீகளா? நெத்து பூராவும் உங்க வரப்புக்குள்ளதான் விழுகும்."

"விழட்டும் மச்சான்" என்றேன். அவர் முன்னால் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "விழுந்தா முளைக்கும். முளைச்சாப் புடுங்குவோம். அவுக சும்மா போடட்டும், நாங்க சும்மா போட மாட்டோம்."

அவர் போகும்போது தன் பங்கு நெல்லில் ஒரு மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

மரம் பாவமா என்று கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில். வேறு இடத்தில் அது நல்ல மரமாக இருக்கலாம். எங்கள் நெல் நிற்கிற இடத்தில் அது நிற்கக்கூடாது. இவ்வளவுதான் எனக்கும் அதற்கும் சண்டை. இந்தச் சனிக்கிழமை வேன் இல்லை, வரப்போரம் புதிதாக முளைத்ததைப் பிடுங்கப் போகிறோம். பார்க்க வருகிற பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், முள் ஏறிவிடும். ஷூ போட்டு வாருங்கள்.